கூலி வந்தது, வந்தான், வந்தார்: பழைய நாளிதழ்களில் ஒரு சொல்லைப் பின்தொடரும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு நகைக்கடையின் கண்ணாடிக் கதவில் ‘செய்கூலியில் தள்ளுபடி’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். தீபாவளிக்கு முன் அங்கே கூடும் யாருக்கும் அந்தச் சொல் உறுத்துவதில்லை. லோரியில் செங்கல் வந்தால் ஏற்றுகூலி, இறக்குகூலி என்று கணக்குப் பேசுகிறோம். ஆனால் அதே கடைக்குள் நிற்கும் ஒரு முதியவரைக் காட்டி “இவர் கூலி” என்று சொல்லிப் பாருங்கள், முகம் கறுத்துவிடும். முப்பது ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி, தான் வாங்கிய கூலியைக் காசு கணக்காக நினைவு வைத்திருந்தார். அதைச் சொல்வதில் அவருக்குப் பெருமைதான். ‘கூலிக்காரி’ என்ற சொல்லை மட்டும் வீட்டுக்குள் எவர் வாயிலிருந்தும் வரவிடமாட்டார்.

உழைப்பின் பயனுக்கு வைத்த பெயர் எப்போது, யார் கையால், உழைத்தவரின் தலையில் ஏறியது? இதற்கு ஊகத்தில் விடை சொல்பவர்கள் பலர். ஆதாரத்தோடு சொல்ல வேண்டுமென்றால் அந்தக் காலத்து நாளிதழ்களுக்குத்தான் போக வேண்டும். தோட்டப்புற ஊரில் இருந்துகொண்டே, ஒரு கைப்பேசியும் சில நூலகப் பயணங்களும் போதும் என்ற நம்பிக்கையில் நான் கற்றுக்கொண்ட வழியை இங்கே வரிசையாகத் தருகிறேன். என் சொந்த எண்ணிக்கையை வேண்டுமென்றே தரவில்லை. என் எண்ணைப் பார்த்துவிட்டால் உங்கள் கண் அதையே தேடும்.

முதற்படி: சொல்லின் வேரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்

நாளிதழைத் திறப்பதற்கு முன், அந்தச் சொல் அதற்கு முன்னால் எப்படி வாழ்ந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். கூலி என்பதற்குத் திருக்குறளின் 619ஆம் குறளே போதும்: “முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்.” அங்கே கூலி என்பது உடல் வருந்தியதற்குக் கிடைக்கும் பயன். இழிவின் நிழல்கூட இல்லை.

இனி ஆங்கிலத்தின் பக்கம். இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து 1886-ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, ‘கூலி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் குஜராத்தின் கோலி இனத்தவர் பெயரையும் தமிழ்க் கூலியையும் மூலமாக எடுத்துப் பேசுகிறது. அந்த வழக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. எனவே “ஆங்கிலேயன் நம்மிடமிருந்துதான் திருடினான்” என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடாதீர்கள். இதே ஒலியைச் சீனர்கள் ‘துன்பம்’, ‘வலிமை’ என்ற பொருள் தரும் இரண்டு எழுத்துகளால் எழுதினார்கள். மலாயிலும் ‘கூலி’ என்றே வழங்குகிறது. ஆகவே மலாயாவில் இந்தச் சொல் நான்கு மொழிகளில் ஒரே நேரத்தில் புழங்கியது. நீங்கள் பின்தொடரப்போவது அதில் தமிழ்க் கிளையை. மற்ற மூன்றும் குறுக்கே வந்துகொண்டே இருக்கும்.

இரண்டாம் படி: காலத்துக்கு வேலி போடுங்கள்

வேலியில்லாத தேடல் வெறும் சேகரிப்பாகிவிடும். நான் தேர்ந்துகொண்டது 1924 செப்டம்பர் 10 முதல் 1941 டிசம்பர் 8 வரை. முதலாவது, நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் தமிழ் நேசன் இதழைத் தொடங்கிய நாள். இரண்டாவது, ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கிய நாள். இடையில் 1935 ஜூலை 6-ல் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு சிங்கப்பூரில் பிறக்கிறது. ஒப்பந்தக் கூலி முறை 1910-லேயே ஒழிந்துவிட்டது; இந்தக் காலம் முழுவதும் கங்காணி (ஊரிலிருந்து ஆள் சேர்த்து வந்து மேற்பார்த்தவர்) வழியாகவும் சொந்தமாகவும் வந்தவர்களின் காலம்.

எல்லா நாள்களையும் படிக்க ஒரு ஆயுள் போதாது. ஆண்டுக்கு நான்கு வாரங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்: மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் இரண்டாம் வாரம். மேலே சொன்ன வேலிக்குள் இது 69 வாரங்கள் வரும். தைப்பூசத்தையும் தீபாவளியையும் ஒட்டிய வாரங்களைத் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. அந்நாள்களில் வாழ்த்தும் சிறப்புக் கட்டுரையும் மிகுந்து அன்றாட நடை மறைந்துவிடும். வாரங்களை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். பரபரப்பான வாரத்தைத் தேடிப் பிடித்துச் சேர்த்தால் முழு வேலையும் பழுதாகும். கண்ணில் தற்செயலாகப் பட்ட நல்ல செய்தியைத் தனிக் கோப்பில் வையுங்கள், எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

மூன்றாம் படி: இதழ்களைக் கண்டுபிடியுங்கள்

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி மின்தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். 1845-ல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், 1914-ல் தொடங்கிய மலாயா டிரிபியூன் போன்றவை அங்கே இருக்கின்றன. தமிழ் இதழ்களுக்குக் கோலாலம்பூரில் தேசிய நூலகத்திலும் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலும் நேரில் போய்க் கேளுங்கள். மைக்ரோஃபிலிம் சுருள் என்றால் முன்பதிவு தேவைப்படலாம்; போகும் முன் தொலைபேசியில் பேசிவிட்டால் ஒரு ரயில் பயணம் வீணாகாது.

ஆங்கில இதழ்களை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். ஈப்போவிலிருந்து வெளிவந்த டைம்ஸ் ஆஃப் மலாயா, தோட்டக்காரர்களுக்கும் சுரங்கக்காரர்களுக்குமான ஏடு என்று தன் பெயரிலேயே சேர்த்துப் போட்டுக்கொண்டது. நம் ஊரைச் சுற்றியிருந்த தோட்டத் துரைமார்களின் பேச்சு எப்படி இருந்தது என்பதை அத்தகைய இதழ்களில்தான் கேட்க முடியும். ஒன்று மட்டும் கவனம். ஆங்கில இதழில் கூலி என்று வந்தால் அவர் தமிழர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ரிக்‌ஷா இழுத்த சீனரும் ஈயச் சுரங்கத்தில் இறங்கிய சீனரும் அதே பெயரால்தான் குறிக்கப்பட்டார்கள். இதைப் பிரிக்காமல் எண்ணியதால் என் முதல் மூன்று வார வேலையைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று.

நான்காம் படி: உருவங்களின் பட்டியல்

கூலி, கூலிகள், கூலியாள், கூலியாட்கள், கூலிக்காரன், கூலிக்காரர், கூலிக்காரி, நாட்கூலி, தினக்கூலி, கூலி லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்), கூலிச் சம்பளம். இவற்றை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். இன்னொரு தாளில் விலக்க வேண்டியவை: கைக்கூலி, கூலிப்படை. கெடாவில் உள்ள கூலிம் ஊரும் இந்தத் தாளில்தான். பழைய அச்சில் மெய்யெழுத்தின் புள்ளி தேய்ந்திருந்தால் கூலிம் என்ற ஊர் கூலியின் திரிந்த வடிவம்போல் தோன்றிவிடும்.

அச்செழுத்து பற்றியும் ஒரு சொல். 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய அச்சில் லை, ளை, னை, ணை ஆகியவை துதிக்கை வளைந்த பழைய வடிவில் இருக்கும். ணா, றா, னா ஆகியவையும் வேறு. நல்ல வேளையாகக் ‘கூ’வும் ‘லி’யும் மாறவில்லை. ஆனால் ‘கூலிகளை’ என்று உருபு ஏறியதும் இறுதி எழுத்து பழைய வடிவம் பெறும், ‘வேலை’யும் அப்படித்தான். பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் கணினியின் எழுத்துணரி இந்த இடத்தில் தடுமாறும். ஆகவே தமிழ் இதழில் தேடுபெட்டியை நம்பாமல் பக்கம் பக்கமாகக் கண்ணால் படியுங்கள். கை வலிக்கும், கண் எரியும். வேறு வழி இல்லை.

ஐந்தாம் படி: ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு

ஒவ்வொரு முறை சொல் வரும்போதும் தனிச் சீட்டு. அதில் நாள், இதழ், பக்கம். செய்தியா, தலையங்கமா, வாசகர் கடிதமா, நீதிமன்றச் செய்தியா, விளம்பரமா என்ற குறிப்பு. சொல் வரும் முழு வாக்கியம். அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாக்கியம். இன்னும் ஒன்று அவசியம்: இந்தச் செய்தி உள்ளூர் நிருபர் தமிழில் எழுதியதா, ஆங்கிலச் செய்தியிலிருந்து மொழிபெயர்த்ததா? சட்டசபைப் பேச்சு, லண்டன் தந்தி, நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவை பெரும்பாலும் மொழிபெயர்ப்பாகத்தான் இருக்கும். தமிழிலிருந்து போன சொல், ஆளைக் குறிக்கும் புதுப் பொருளோடு மொழிபெயர்ப்பு மேசை வழியாகவே நம் இதழுக்குள் திரும்பி வந்திருக்கும் என்பது என் ஊகம். அதைச் சோதிக்க இந்தக் குறிப்பு ஒன்றுதான் துணை.

ஆறாம் படி: வினைமுற்றைப் பாருங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். சீட்டுகளை முதலில் இரண்டாகப் பிரிக்க வேண்டும்: பணத்தைக் குறிப்பவை ஒரு பக்கம், ஆளைக் குறிப்பவை ஒரு பக்கம். கேட்க எளிது. ஆனால் ‘கூலிக்கு’ என்ற ஒரு வடிவமே இரண்டு பக்கமும் நிற்கும். “கூலிக்கு மரம் வெட்டினார்” என்றால் பணம். “கூலிக்கு அபராதம் விதிக்கப்பட்டது” என்றால் ஆள். (இங்கே வரும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் விளக்குவதற்காக நானே அமைத்தவை.) பன்மை வந்தால் சற்றுத் துணிவோடு முடிவு செய்யலாம். பணமான கூலியை நாம் பெரும்பாலும் பன்மையில் சொல்வதில்லை. ‘கூலிகள்’ என்றாலே பெரும்பாலும் மனிதர்கள்தான்.

ஆளைக் குறிக்கும் சீட்டுகள் கையில் வந்தபின், தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் ஒரு கருவியை எடுங்கள். ஆங்கில வாக்கியம் ஒரு மனிதரை மனிதராக மதிக்கிறதா என்று வினைச்சொல்லைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தமிழில் முடியும். உயர்திணையா அஃறிணையா என்று தீர்மானிக்காமல் தமிழில் பெரும்பாலான வாக்கியங்களை முடிக்கவே முடியாது.

“தோட்டத்திற்கு நாற்பது கூலிகள் வந்தன.”

“தோட்டத்திற்கு நாற்பது கூலிகள் வந்தனர்.”

முதல் வாக்கியத்தில் வந்தவை பலகைப் பெட்டிகளாகவும் இருக்கலாம். இரண்டாவதில் மனிதர்கள் வந்திருக்கிறார்கள். எழுதியவர் இதை யோசித்துச் செய்திருக்க வேண்டும் என்பதில்லை. யோசிக்காமல் செய்திருந்தால் சான்று இன்னும் வலுவானது. பணமாக இருந்தபோது கூலி அஃறிணை. அது ஆளின் பெயரானபோது வாக்கியம் அந்த ஆளை உயர்திணைக்கு ஏற்றியதா, பணத்தின் திணையிலேயே விட்டுவிட்டதா? நம் பாட்டன்மார் நாளிதழில் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே ஆள் சீட்டுகளை நான்கு அடுக்காக்குங்கள்: ‘-அன, -அது’ என்று முடிபவை, ‘-ஆன், -ஆள்’ என்று முடிபவை, ‘-ஆர், -அனர், -ஆர்கள்’ என்று முடிபவை, திணை காட்டாதவை. கடைசி அடுக்கு பெரிதாக இருக்கும். ‘கூலிகள் வேண்டும்’, ‘கூலிகள் இல்லை’, ‘வந்த கூலிகளுக்கு’ போன்றவற்றில் திணை தெரியாது. அவற்றை எந்தப் பக்கமும் வலிந்து தள்ளாதீர்கள்.

எண்ணுப் பெயரும் உதவும். ‘இரண்டு கூலிகள்’ என்கிறதா, ‘கூலிகள் இருவர்’ என்கிறதா? ‘நாற்பது’ என்று நிறுத்துகிறதா, ‘நாற்பது பேர்’ என்கிறதா? இதைச் சீட்டின் மூலையில் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே மூன்று குழிகள் உண்டு. முதலாவது, அச்சுக் கோப்பவரின் பிழை. வரி முடிவில் ‘வந்தனர்’ என்பதன் கடைசி எழுத்து உதிர்ந்தால் ‘வந்தன’ ஆகிவிடும். வரி ஓரத்தில் வரும் அஃறிணை முடிவுகளுக்கு அருகில் கேள்விக்குறி போடுங்கள். இரண்டாவது, ‘-ஆன்’ முடிவை உடனே அவமதிப்பு என்று எடுத்துக்கொள்வது. அக்கால நீதிமன்றச் செய்தியில் குற்றம் சாட்டப்பட்ட எவரும் அப்படிக் குறிக்கப்பட்டிருக்கக் கூடும். அதனால் அதே பக்கத்தில் கடைக்காரருக்கும் கிராணிக்கும் (தோட்ட எழுத்தர்) கங்காணிக்கும் துரைக்கும் என்ன முடிவு கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து, அதை அளவுகோலாக வையுங்கள். எல்லாருக்கும் ‘-ஆன்’ என்றால் அது அந்த நிருபரின் நடை. துரை ‘வந்தார்’, கிராணி ‘வந்தார்’, கூலி மட்டும் ‘வந்தான்’ என்றால் அது வேறு செய்தி. மூன்றாவது, பெண்கள். பால் வெட்டியவர்களில் பாதிக்குப் பாதி பெண்கள் என்றிருந்த தோட்டங்களின் செய்தியிலும் ‘-ஆள்’ முடிவு அரிதாகவே வந்தால், அந்த இன்மையையும் ஒரு சீட்டில் எழுதுங்கள்.

ஏழாம் படி: பக்கத்தில் நிற்கும் சொற்கள்

வினைமுற்று காட்டாததை அண்டைச் சொல் காட்டும். கூலிக்கு முன்னும் பின்னும் ‘இறக்குமதி’, ‘தட்டுப்பாடு’, ‘தேவை’, ‘தருவித்தல்’ போன்ற சரக்குச் சொற்கள் வருகின்றனவா? ‘குடும்பம்’, ‘குழந்தைகள்’, ‘பள்ளிக்கூடம்’, ‘உரிமை’ வருகின்றனவா? அவருக்குப் பெயர் உண்டா? துரைக்குத் தலைப்பெழுத்துகளோடு பெயர், இறந்த தொழிலாளிக்கு ‘ஒரு கூலி’ என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: போட்டிச் சொற்களோடு சேர்த்து எண்ணுங்கள்

கூலி எத்தனை முறை வந்தது என்பது தனியாக ஒன்றும் சொல்லாது. ஓர் இதழ் ஒரு ஆண்டில் பக்கங்களைக் கூட்டியிருக்கும், மறு ஆண்டில் குறைத்திருக்கும். அதே பொருளுக்குத் தொழிலாளி, தொழிலாளர், பாட்டாளி, ஆள், ஜனங்கள் என்று வரும் இடங்களையும் எண்ணி, நூறில் எத்தனை கூலி என்று பாருங்கள்.

பிறகு காலக்கோட்டை அருகில் வையுங்கள். 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கினார். சுயமரியாதை என்ற சொல் மலாயாத் தமிழர் மேடைகளில் ஓங்கியது. 1930 முதல் ரப்பர் விலை வீழ்ந்து, பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1936 இறுதியில் இந்திய அரசு அனுப்பிய ஸ்ரீநிவாச சாஸ்திரி வந்து தோட்டத் தொழிலாளர் நிலையைப் பார்த்தார். அறிக்கை 1937-ல் வந்தது. 1938 ஜூனில், உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு நிறுத்தியது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம். அதை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் தமிழ் நேசனில் பணியாற்றிய பத்திரிகையாளர். கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அந்த வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான கூலி ஒன்று. துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது இன்னொன்று. நம் சொல்லின் இரண்டு முகங்களும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் நின்றதை அந்த வாரத்து இதழ்களில் படிக்கும்போது நான் சற்று நேரம் சுருளை நகர்த்தவில்லை.

எச்சரிக்கை: கூலி உயர்வு பற்றி விவாதம் நடக்கும் வாரங்களில் பணப்பொருள் தானாகவே பெருகும். 1920களின் இறுதியில் சில வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நாட்கூலி நிர்ணயமானது; அப்படிப்பட்ட செய்தி வரும் வாரத்தைப் பார்த்து “சொல்லின் பொருள் மாறிவிட்டது” என்று முடிவு கட்டக் கூடாது. மாற்றம் உண்மையானது என்றால் அது விவாதமற்ற, சாதாரண வாரங்களிலும் தெரிய வேண்டும்.

ஒன்பதாம் படி: ஊருக்குத் திரும்புங்கள்

சுங்கை சிப்புட்டைப் போன்ற ஊர்களில் இந்த வேலைக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. அது குறைந்துகொண்டும் வருகிறது. லயத்தில் பிறந்து, பெரட்டுக்கு (விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு) நின்றவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்துக் குடும்பங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) குடிவந்துவிட்டாலும் அவர்கள் பேச்சில் பழைய சொற்கள் நிற்கின்றன. அவர்களிடம் “உங்களைக் கூலி என்று அழைத்தார்களா, வருத்தமாக இருந்ததா?” என்று கேட்காதீர்கள். கேள்வியே பதிலை வாயில் வைத்துவிடும். சம்பள நாளைப் பற்றிக் கேளுங்கள். செக்ரோலில் (வருகைப் பதிவேடு) பெயர் விடுபட்ட நாளைப் பற்றி, கிராணி எப்படிக் கூப்பிட்டார் என்பதைப் பற்றிக் கேளுங்கள். சொல் தானாக வரும்; எந்தப் பொருளில் வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். சம்மதம் பெற்றே பதிவு செய்யுங்கள். நினைவைச் சீட்டுக் கணக்கோடு கலக்காதீர்கள். இரண்டும் வேறு சான்று, தனித்தனியாக வைத்தால்தான் ஒன்றை ஒன்று சோதிக்கும்.

பத்தாம் படி: எழுதும்போது

கண்டதை எழுதும்போது பழைய வாக்கியங்களைத் திருத்தாதீர்கள். ‘கூலிகள் வந்தன’ என்று இருந்தால் அப்படியே எடுத்தெழுதுங்கள். நம் மனம் தாங்காமல் அதைத் ‘தொழிலாளர்கள் வந்தனர்’ என்று மாற்றினால், அவர்களுக்கு நடந்ததை நாமே அழித்தவர்களாவோம். உங்கள் சொந்த வாக்கியத்தில் தொழிலாளர் என்றே எழுதுங்கள். மேற்கோளுக்கும் உங்கள் உரைக்கும் இடையில் இந்த வேறுபாடு எல்லாப் பக்கங்களிலும் தெரிய வேண்டும்.

எத்தனை வாரங்கள் கிடைக்கவில்லை, எத்தனை பக்கங்கள் கிழிந்திருந்தன என்பதையும் முன்னுரையிலேயே சொல்லுங்கள். திணை காட்டாத சீட்டுகளின் எண்ணிக்கையை மறைக்காதீர்கள். சீட்டுகளின் ஒரு படியை உங்கள் ஊர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ கொடுத்துவிடுங்கள். என்னுடையவை இரண்டு காலணிப் பெட்டிகளில் ஆண்டுவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் வினைமுற்றைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். 1933 மார்ச்சும் 1939 செப்டம்பரும் இன்னும் காலியாக இருக்கின்றன.